யார் மாற்றிய கோப்பு?

1970களின் நடுவில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் டெர்மினலில் உட்கார்ந்து ஒருவரால் வேலை செய்ய முடியவில்லை. அத்தனை பேரும் பயன்படுத்தியது டீகோ என்ற ஒரே எடிட்டரைத்தான். ஆனால் டீகோவுக்குள் மேக்ரோ எழுதலாம். எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ளலாம். 1974இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த வசதியைச் சேர்த்தார். இரண்டே வருஷத்தில் ஆளுக்கொரு எடிட்டர் ஆகிவிட்டது. ஒருவர் திரையில் ஒரு வேலை செய்த விசை இன்னொருவர் திரையில் வேறு எதையோ செய்தது. கை ஸ்டீல் ஒருநாள் இதையெல்லாம் தொகுத்து ஒழுங்குபடுத்தலாம் என்று ஆரம்பித்தார், ஸ்டால்மன் எடுத்து முடித்தார். 1976இல் அப்படிப் பிறந்ததுதான் ஈமாக்ஸ். 'எடிட்டர் மேக்ரோஸ்' என்பதன் சுருக்கம்.

ஈமாக்ஸ் கதையை சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் முன்கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் சுவாரஸ்யமாகப் படுவது வேறு. இங்கே பயனர்கள் செய்துகொண்ட மாற்றங்கள் முதலில் வந்தன, மென்பொருள் பிறகு வந்தது. அந்த மாற்றங்களைக் கோத்துத்தான் மென்பொருளே உருவானது. அதற்காகச் சிலர் தங்கள் விசைகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கச் சொன்னவரும் விட்டுக்கொடுத்தவரும் ஒரே மாடியில் இருந்தார்கள். 'என் விசையை ஏன்யா மாத்தின?' என்று எழுந்துபோய்க் கேட்க முடிந்தது.

இப்படிச் செய்துகொண்ட மாற்றங்கள் எங்கே வாழ்கின்றன? யூனிக்ஸ் உலகில் பெரும்பாலும் சின்னச் சின்ன உரைக் கோப்புகளில். பல கோப்புகளின் பெயர் 'ஆர்சி' என்று முடியும். 1960களில் சிடிஎஸ்எஸ் என்ற இயங்குதளத்துக்காக லூயி புசான் எழுதிய 'ரன்காம்' என்ற வசதியின் எச்சம் அது. பெயரின் முன்னால் இருக்கும் புள்ளிக்கு இன்னும் நல்ல கதை உண்டு. யூனிக்ஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு உள்பதிவுகள் இருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும்போது அவை தொந்தரவாகத் தெரிந்ததால், 'பெயரின் முதல் எழுத்து புள்ளியா? அப்படியானால் காட்டாதே' என்று யாரோ ஒரு வரி எழுதிவிட்டார்கள். முழுப் பெயரையும் சோதிக்கவில்லை. அதனால் புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போனது. பிறகு எல்லோரும் தங்கள் சொந்த செட்டிங்ஸைக் கொண்டுபோய் அங்கே வைக்க ஆரம்பித்தார்கள், பரணில் சாமான் போடுவது மாதிரி. இதைப் பதிவு செய்தவர் ராப் பைக். ஒரு சோம்பேறித்தனத்தில் பிறந்த வசதி என்பதுதான் அவருடைய புகார்.

பரணில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. வீட்டை வெள்ளையடிக்க வருகிறவருக்கும் தெரியாது.

பிரச்சினை உண்மையில் முளைப்பது மென்பொருள் முன்பின் தெரியாதவர்களின் கணினிக்குப் போய், ஆறு மாதம் கழித்துப் புதிய பதிப்பாகத் திரும்பி வரும்போது. இடைப்பட்ட காலத்தில் அந்த வீட்டுக்காரர் என்னென்ன மாற்றினார் என்று எழுதியவருக்குத் தெரிய வழியில்லை. லினக்ஸ் பரவிய 1990களில் இது தினசரித் தலைவலியானது. மெயில் சர்வரை நிர்வகிப்பவர் ஒரு கான்ஃபிக் கோப்பில் நாள்கணக்கில் உட்கார்ந்து நாற்பது வரி எழுதியிருப்பார். புதிய பதிப்பு தன்னுடைய கோப்பை அதன்மேல் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் காலையில் யாருக்கும் மெயில் வராது.

1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அப்போது அவர் பர்டூ பல்கலைக்கழக மாணவர், வயது 20. அதன் பேக்கேஜ்களை நிறுவும் நிரலை 1994இல் சி மொழியில் திருத்தி எழுதியவர் இன்னொரு இயன், இயன் ஜாக்சன். டீபேக்கேஜ் என்று அதைச் சொல்வோம். இன்றைக்கு உபுண்டு உள்பட எண்ணற்ற லினக்ஸ் வகைகளின் அடியில் அதுதான் ஓடுகிறது. பயனர் தொட்ட கோப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு அது வைத்திருக்கும் விடையை, மென்பொருள் வரலாற்றின் மரியாதையான விடைகளில் ஒன்றாக நான் நினைக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கையில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன: கணினியில் இப்போது இருப்பது, புதிய பதிப்போடு வந்தது. இரண்டும் வேறுவேறு. இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியாது. பயனர் மாற்றியிருக்கலாம், மென்பொருளை எழுதியவர் மாற்றியிருக்கலாம், இரண்டு பேருமே மாற்றியிருக்கலாம். வயலில் வரப்பு நகர்ந்துவிட்டதா என்ற தகராறில், இன்றைக்கு வரப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. முதலில் கல் எங்கே நட்டார்கள் என்று தெரிய வேண்டும். டீபேக்கேஜ் அந்தக் கல்லை நட்டு வைக்கிறது. ஒரு கான்ஃபிக் கோப்பை முதன்முதலில் நிறுவும்போதே அதன் எம்டி5 கைரேகையை, 32 எழுத்துகளை, தன் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது.

அடுத்த பதிப்பு வரும்போது மூன்று கைரேகைகளை ஒப்பிடுகிறது. நீங்கள் தொடவே இல்லையென்றால் புதியதைச் சத்தமில்லாமல் வைத்துவிடும். நீங்கள் மாற்றியிருந்து, அவர்கள் பக்கம் மாற்றம் இல்லையென்றால் உங்களுடையதை அப்படியே விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு உங்களைக் கேட்கும். புதியதை வைக்கவா, உங்களுடையதையே வைத்துக்கொள்ளவா, வித்தியாசத்தைக் காட்டவா, அல்லது நீங்களே உள்ளே போய்ப் பார்க்கிறீர்களா? பதில் சொல்லாமல் வெறும் என்டர் தட்டினால் உங்களுடையது அப்படியே இருக்கும்.

அந்தக் கேள்விக்கு மேலே வரும் வாசகத்தில் ஓர் அடைப்புக்குறி உண்டு. கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, 'உங்களாலோ ஏதாவது ஸ்கிரிப்ட்டாலோ' என்ற பொருளில் அடைப்புக்குள் சேர்த்துக்கொள்ளும். கோப்பு மாறியது தெரியும், யார் மாற்றியது என்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மென்பொருளை எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? இன்னொன்று: கான்ஃபிக் கோப்பை நீங்கள் அழித்துவிட்டிருந்தால், அடுத்த மேம்படுத்தலில் அதைத் தானாகத் திரும்ப வைக்காது. அழித்ததும் ஒரு முடிவுதானே என்று எடுத்துக்கொள்கிறது. பயனரின் மாற்றங்கள் காப்பாற்றப்பட்டே ஆக வேண்டும் என்பது டெபியனின் கொள்கை ஆவணத்தில் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. மீறினால் அது பிழை.

குறையும் உண்டு. கைரேகையை மட்டும்தான் வைத்துக்கொள்கிறது, பழைய கோப்பை வைத்துக்கொள்வதில்லை. 'நீ மாற்றியிருக்கிறாய்' என்று சொல்ல முடியும், 'இந்த வரியை மாற்றினாய்' என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டு பக்க மாற்றங்களையும் அதனால் இணைத்துத் தர முடியாது. பின்னால் வந்த யுசிஎஃப் என்ற கருவி மூலக் கோப்பையும் சேமித்து வைத்து அதற்கு முயன்றது.

அதே காலத்தில் ரெட் ஹாட் நிறுவனம் உருவாக்கிய ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் வேறு சுபாவம். அது கேட்காது. பேக்கேஜை உருவாக்கியவர் முன்கூட்டியே என்ன குறித்து வைத்தார் என்பதைப் பொறுத்து, உங்களுடையதை 'ஆர்பிஎம்சேவ்' என்ற வாலோடு ஒதுக்கிவிட்டுப் புதியதை வைக்கும், அல்லது புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்ற வாலோடு பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும். எதுவும் தொலைவதில்லை. ஆனால் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு.

லினக்ஸ்காரர்கள் இப்படிக் கல் நட்டுக்கொண்டிருந்தபோது விண்டோஸ் வேறு வழியில் போனது. விண்டோஸ் 3 காலத்தில் செட்டிங்ஸ் எல்லாம் ஐஎன்ஐ கோப்புகளில் இருந்தன. எந்த மென்பொருளை நிறுவினாலும் அது வந்து பொதுவான ஐஎன்ஐ கோப்பில் தன் வரிகளைச் செருகிவிட்டுப் போகும். விண்டோஸ் 95 வந்தபோது ரெஜிஸ்ட்ரி என்ற பெரிய கிடங்கு அந்த இடத்தைப் பிடித்தது. இயந்திரத்துக்கு ஒரு கிளை, பயனருக்கு ஒரு கிளை என்று அதில் பிரிவினை இருந்தது, நல்ல விஷயம். ஆனால் ஒரு மதிப்பு அங்கே இருக்கிறதென்றால், அதை வைத்தது நிறுவும் நிரலா, பயனரா? அந்தத் தகவலுக்குக் கிடங்கில் இடம் கிடையாது.

இருபது வருஷம் கழித்து அதற்கான விலை தெரிய ஆரம்பித்தது. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10, இனி விண்டோஸ் ஒரு சேவை என்ற அறிவிப்போடு வந்தது. அன்றைக்கு வீட்டுப் பயனர்களால் அப்டேட்டைத் தள்ளிப்போட முடியவில்லை. பெரிய அப்டேட் என்றால் பேருக்குத்தான் அப்டேட். உண்மையில் பக்கத்திலேயே புது வீடு கட்டி, சாமான்களை ஏற்றி இறக்கி, பழைய வீட்டைச் சில நாள் பூட்டி வைத்து, பிறகு இடிப்பதுதான். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் வேலை. அவர்கள் பட்டியலில் இல்லாத சாமான் புது வீட்டுக்கு வராது.

அந்த வருஷம் நவம்பர் அப்டேட்டில் அதுதான் நடந்தது. ஏற்கெனவே விண்டோஸ் 10 வைத்திருந்த சிலருக்கு நான்கு செட்டிங்ஸ் திரும்பத் தொடக்க நிலைக்குப் போயின: விளம்பர அடையாள எண், பின்னணியில் ஓடும் செயலிகள், ஸ்மார்ட்ஸ்கிரீன் வடிகட்டி, பிற சாதனங்களோடு ஒத்திசைவு. அப்டேட்டின் சில வடிவங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்து, திருத்தி, திரும்ப வெளியிட்டது. மிகச் சிலருக்கே பாதிப்பு என்றது. இருக்கலாம். ஆனால் அந்த நான்கையும் திரும்பப் படித்துப் பாருங்கள். வால்பேப்பர் போயிருந்தால் மறுநிமிஷமே தெரிந்திருக்கும். விளம்பரக் கண்காணிப்பை ஒருமுறை அணைத்தவர் மறுபடி போய் அது அணைந்திருக்கிறதா என்று பார்ப்பாரா? இதைச் சதி என்று அன்றைக்கு நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பார்த்த வரையில் இந்த மாதிரிப் பிழைகளுக்குச் சதி தேவைப்படுவதில்லை, பட்டியலில் நான்கு வரி விட்டுப்போனால் போதும். அணைத்தது ஒரு மனிதரின் முடிவு என்று எங்கும் எழுதப்படாததால், விட்டுப்போனதை யாரும் கவனிக்கவும் இல்லை.

2018 அக்டோபரில் நடந்தது இதைவிடக் கொடுமை. விண்டோஸில் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. சி டிரைவில் இடம் போதாதவர்கள் செய்வது. மாற்றும்போது பழைய கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும், வேண்டாம் என்றும் சொல்லலாம். அதற்கு முந்தைய அப்டேட்டில் இப்படி மாற்றிக்கொண்டவர்களுக்குப் பழைய இடத்தில் அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்று தோன்றியது. அசிங்கமாக இருக்கிறது என்று பயனர்கள் சொன்னார்கள். சரி, அந்தக் காலி நகலை நீக்கிவிடுவோம் என்று ஒரு நிரல் எழுதினார்கள். அது காலியாக இல்லாதவற்றையும் நீக்கிவிட்டது. அக்டோபர் 2இல் வெளிவந்த அப்டேட்டைச் சில நாளிலேயே நிறுத்தினார்கள். திருத்தப்பட்ட பதிப்பு வர நவம்பர் 13 ஆனது. வெளியீட்டுக்கு முன்பே சோதனைப் பயனர்கள் சிலர் இதைப் புகாராக எழுதியிருந்தார்கள். போதிய ஓட்டு விழாததால் அவை அடியில் கிடந்தன. பிறகு அந்தப் புகார்ப் படிவத்தில் பாதிப்பு எவ்வளவு தீவிரம் என்று குறிக்க ஓர் இடம் சேர்த்தார்கள்.

யாருக்கு அடி விழுந்தது என்று பாருங்கள். எதையும் தொடாமல், கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் வசதிக்கு ஒன்றை மாற்றிக்கொண்டவரின் கோப்புகள்தான் போயின.

மதுரையில் என் சித்தப்பா டிடிபி சென்டர் வைத்திருக்கிறார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் பாஸானவர். அவர் விரல்களுக்குப் பழைய தட்டச்சு வரிசைதான் தெரியும். ஒரு நிறுவனத்தின் விசைப்பலகை மென்பொருளை வாங்கி, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற ஒரு விசை, அடிக்கடி வரும் கல்யாணப் பத்திரிகை வாசகங்களுக்குச் சில விசைகள் என்று வருஷக்கணக்கில் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். முகூர்த்த சீசனில் ஒருநாள் அது தானாக அப்டேட் ஆனது. வரிசை ஒலியியல் முறைக்கு மாறிவிட்டது, குறுக்குவிசைகள் ஒன்றுகூட இல்லை. போனில் என்னிடம் கேட்டார்: "ஏண்டா, என் வீட்டுக்குள்ள வந்து பாத்திரத்தை எல்லாம் மாத்தி அடுக்குனது யாருடா?" வாடிக்கையாளர் சேவையில் 'புதிய பதிப்பில் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்றார்களாம். அவர் அந்த மூன்று நாளும் வேலையைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்து வாங்கினார். கணினிகளைப் பற்றி எதுவும் தெரியாதவரின் கேள்வி அது. டீபேக்கேஜ் எழுதியவர் மனசில் இருந்ததும் ஏறத்தாழ அதே கேள்விதான் என்று பின்னால் எனக்குத் தோன்றியது.

கல் நட்டாலும் தீராத சிக்கல்கள் உண்டு. ஃபயர்ஃபாக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் செட்டிங்ஸ் கோப்பு சாமர்த்தியமானது. நீங்கள் மாற்றியவை மட்டும்தான் அதில் எழுதப்படும், மற்றதெல்லாம் ஃபயர்ஃபாக்ஸோடு வரும் இயல்பு மதிப்புகள். புதிய பதிப்பு இயல்புகளை மாற்றலாம், உங்கள் கோப்பைத் தொட வேண்டியதே இல்லை. ஆனால் ஒரு செட்டிங்கைத் திறந்து பார்த்து, யோசித்து, 'இருப்பதே சரி' என்று விட்டுவிட்டால்? எங்கும் எழுதப்படாது. நாளை இயல்பு மாறினால் உங்களுக்கும் மாறிவிடும். இதைச் சமாளிக்க, சில செட்டிங்ஸை மட்டும் இயல்பைப் போலவே இருந்தாலும் எழுதிவைக்கும் ஏற்பாட்டை மொசில்லா பிறகு சேர்த்தது. ஒப்புக்கொள்வதும் ஒரு முடிவு என்பது புரிய நாளானது.

அதே ஃபயர்ஃபாக்ஸ் 2017 நவம்பர் 14 அன்று 57ஆம் பதிப்பை வெளியிட்டபோது, பழைய எக்ஸ்யூஎல் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையும் வேலை செய்வதை நிறுத்தின. எந்தக் கோப்பும் அழியவில்லை. அந்தக் கோப்புகள் பேசிய மொழியைப் புரிந்துகொள்ள உள்ளே யாரும் இல்லை, அவ்வளவுதான். மொசில்லாவின் பக்கம் நியாயம் இருந்தது. பழைய எக்ஸ்டென்ஷன்கள் பிரவுசரின் குடல்வரை கைவிட்டு எதையும் மாற்ற முடியும். அதை அனுமதித்துக்கொண்டே பிரவுசரை வேகமாக, பாதுகாப்பாக ஆக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் முன்னறிவிப்பும் கொடுத்தார்கள். டேப்களைப் பக்கவாட்டில் மரம் போல அடுக்கி வைத்துக்கொண்டு பழகியவர்கள், கீழே ஒரு பட்டை வைத்திருந்தவர்கள், விசைகளை மட்டும் வைத்தே உலவியவர்கள் எல்லோரும் அன்றைக்குக் கொஞ்சம் ஊமையானார்கள். முழுமையாகத் திறந்து கொடுத்ததால்தான் அத்தனை பேர் அதை நேசித்தார்கள், அதனாலேயே காப்பாற்ற முடியாமலும் போனது. இதற்கு நல்ல தீர்வு ஒன்று இருந்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

விம் எடிட்டரில் நடந்தது இன்னும் நுணுக்கம். 2016இல் வந்த எட்டாம் பதிப்பு, சொந்த செட்டிங்ஸ் கோப்பு இல்லாதவர்களுக்கென்று ஓர் இயல்புக் கோப்பைக் கொண்டுவந்தது. புதியவர்களுக்கு உதவி, நல்ல எண்ணம். ஆனால் நிர்வாகி அந்தக் கணினி முழுமைக்கும் பொதுவாக எழுதி வைத்திருக்கும் கோப்பு படிக்கப்பட்ட பிறகு இது படிக்கப்பட்டது. 2017இல் டெபியன் 9 வெளிவந்தபோது அதற்கு மாறியவர்கள் குழம்பிப் போனார்கள். நிர்வாகியின் கோப்பு அப்படியே இருக்கிறது, ஓர் எழுத்து மாறவில்லை, டீபேக்கேஜ் விதிப்படிதான் நடந்திருக்கிறது. ஆனால் மவுஸால் தேர்ந்தெடுத்து ஒட்டினால் முன்போல் ஒட்டவில்லை. கோப்பைக் காப்பாற்றியாகிவிட்டது, அதன் சொல்தான் எடுபடவில்லை. தடுப்பதற்கு ஒற்றை வரி சேர்த்தால் போதும். அந்த வரியைக் கண்டுபிடிக்கும் வரை பலரும் பொதுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தங்களையே சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

டீபேக்கேஜின் கேள்வியை எல்லோரும் என்னைப் போல் விரும்புவதில்லை. நள்ளிரவில் ஐம்பது சர்வர்களை மேம்படுத்துகிறவருக்கு அது எரிச்சல். வித்தியாசத்தைப் பார்க்காமல் என்டர் தட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம். அப்படித் தட்டினால் பழைய கோப்பு நிற்கும், அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் அதுவும் நிற்கும். கேள்வியே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வழியும் வைத்திருக்கிறார்கள்: எப்போதும் பழையது, அல்லது எப்போதும் புதியது. சிஸ்டம்டி போன்ற பிற்கால ஏற்பாடுகள் சண்டையையே தவிர்க்கப் பார்க்கின்றன. நிறுவனத்தின் கோப்பு ஒரு ஃபோல்டரில், உங்கள் திருத்தம் தனிச் சிறுகோப்பாக வேறு ஃபோல்டரில். ஒருவர் தாளில் இன்னொருவர் எழுதுவதே இல்லை. மேலே வைத்த தாள் கீழே இருப்பதை மறைக்கும், அவ்வளவுதான். சுத்தமான வழி. கீழ்த்தாளில் முக்கியமான வரி ஒன்று மாறினாலும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல அங்கே யாரும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது என் கையில் இருக்கும் சர்வர்களில் அப்டேட்கள் தானாகவே நடக்கின்றன. உபுண்டுவிலும் டெபியனிலும் அதைச் செய்யும் நிரல் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்', ஆளில்லா மேம்படுத்தல். விடியற்காலையில் எழுந்து, வந்திருக்கும் பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். எதிலாவது நான் கைவைத்த கான்ஃபிக் கோப்பு இருந்து, புதிய பதிப்பிலும் அந்தக் கோப்பு மாறியிருந்தால், அந்தக் கேள்வி எழும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். பதில் சொல்ல அந்த நேரத்தில் ஆள் இல்லை என்பதும் தெரியும். அந்தப் பேக்கேஜைத் தொடாமல் விட்டு, இதைக் கையால்தான் செய்ய வேண்டும் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்ததற்குப் போய்விடுகிறது.